டிஸ்கில் விட்ட ஒரு சொட்டு எண்ணெய்

என்னவே, எப்படி இருக்கிறீர்? போன இடத்திலாவது மாடிப்படி இல்லாமல் இருக்கட்டும். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க, "தண்ணி குடும்வே" என்று என் வீட்டு வாசலில் உட்காருவீரே, அங்கே இப்போது உம் மகன் உட்கார்ந்திருக்கிறான். வந்ததும் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். உம்முடைய கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க். எங்கள் மிஷின் ஷாப் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"செகந்திராபாத்ல ஒருத்தர் இதுக்குள்ள இருக்கறத வெளிய எடுப்பாராம் மாமா. அம்மாவப் பத்தி அப்பா எழுதினது கிடைச்சிரும். நீங்களும் வாங்க."

சட்டை மாற்றி வருகிறேன் என்று உள்ளே வந்தவன் உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் வந்த அன்று குகட்பள்ளி காலனியில் பாதிப் பேர் உம் வீட்டில்தான். "செருப்ப வெளிய விடும்வே, தூசி ஆகாது" என்று என்னையே நிறுத்தினீர். கோயிலுக்குள்ளேயே செருப்போடு போன ஒரு கேட் காவலாளி நம் பேக்டரியில் இருந்தானே, அவனுடைய மாமனார் பெரிய பஜனைக்காரர், ஒருநாள் என்ன ஆயிற்று என்றால்... சரி, அது கிடக்கட்டும்.

ஷிப்ட் முடிந்து வந்து தினமும் தட்டுவீர். "பயலுக்குத் தமிழ் சொன்னா புரியும், எழுத்து தெரியாது. அதான் இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிக்கேன்" என்றீர். தாய் போனபோது அவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. உம் நெஞ்சைப் பற்றி டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த அவசரம். அடித்ததை எனக்குப் படித்துக் காட்டுவீர். நான் அந்த அம்மாவைப் பார்த்ததே இல்லை.

பிறகு டிஸ்க் கீச்சிட ஆரம்பித்தது. "சாகப்போறான்வே" என்று புதியது ஒன்று வாங்கி, பஸ்ஸில் தயிர்ச் சட்டியைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தீர். ஆயுத பூஜை விடுமுறையில் பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றுவதாகத் திட்டம். முந்தின நாள் உமக்கு ஓவர்டைம். சாவியை என்னிடம் கொடுத்து, "பெட்டியத் துடைச்சுச் சந்தனம் வச்சிரும்" என்றீர்.

நான் இருபது வருஷமாக மிஷின்களுக்கு எண்ணெய் விடுகிறவன். கீச்சிட்டால் எண்ணெய் கேட்கிறது என்றுதான் எனக்குத் தெரியும். டிஸ்கின் மூடியைக் கழற்றினேன். உள்ளே முகம் பார்க்கிற மாதிரி தட்டு; எழுத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. நடுவில் ஒரே ஒரு சொட்டு விட்டேன். வழிந்தது. மிஷின் துடைக்கிற காட்டன் வேஸ்டால் அழுத்தித் துடைத்து, மூடி, மேலே சந்தனம் குங்குமம் வைத்தேன். நீர் சந்தோஷப்படுவீர் என்று நினைத்தேன்.

பூஜை முடிந்து புதியதை மாட்டினீர். பழையதிலிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. நாலு தடவை அணைத்துப் போட்டீர்.

"பேசவே மாட்டேங்கான்வே. பிளாப்பியில ஒரு காப்பி எடுத்திருக்கலாம், சோம்பேறிப் பய நான்."

"வோல்டேஜா இருக்கும்" என்றேன்.

நம்பிவிட்டீர்.

புது டிஸ்கில் நாலே வரி. "அவ செத்தத ரெண்டாந்தடவ அடிக்க கை வரலவே" என்றீர். பொங்கலுக்குள் நீரும் போய்விட்டீர்.

நீர் படித்துக் காட்டியதில் நினைவிருப்பதை உம் மகனுக்குச் சொல்லிப் பார்த்தேன். தெலுங்கே தெரியாமல் பால்காரனோடு சண்டை போட்டு அந்த அம்மா ஜெயித்த கதை. ரசித்துச் சிரித்தான். மறுபடி கேட்டபோது, "போன தடவ எருமை பிடிச்சிட்டு வந்தான்னீங்க, இப்ப சைக்கிள்ங்கறீங்க?" என்றான். எது நீர் எழுதியது, எது நான் சேர்த்தது என்று எனக்கே தெரியவில்லைவே. வாய் ஓயாமல் கதை சொல்கிறவனிடம் மிஞ்சியது இவ்வளவுதான். இதையும் எந்த நாளில் கலைத்துப் போடுவேனோ.

அந்தச் செகந்திராபாத்காரர் மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். ஹாஸ்டலுக்குப் போகுமுன் இது ஒன்றுதான் வேண்டும் என்கிறான். சொன்னபிறகு என்னை மாமா என்று

"மாமா! க்யா கர்ரே? உள்ள என்ன பண்றீங்க? பஸ் வந்துரும், ஜல்தி!"

வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டேன். பஸ் ஏறியதும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பான், அப்போது நான் அந்த ஒரு சொட்டு எண்ணெயைப் பற்றி...