மைக்குக்கு முன்னால் மட்டும் புருஷன்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

பரவைக்குத் துட்டி கேட்கப் போய்விட்டு வந்தேன். முத்தையா அண்ணன் தவறிவிட்டார். பதினோரு வருஷம் ரேடியோ குடும்ப நாடகத்தில் அவர்தான் என் புருஷன். ஞாயிறுதோறும் கால் மணி நேரம் அவரைத் திட்டுவேன், ஊரே சிரிக்கும். ஒரே மைக், ஆளுக்கொரு பக்கம் நிற்போம். மைக்குக்கு முன்னால் 'ஏங்க'. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால் 'அண்ணே'. ஒருநாளும் மாற்றிக் கூப்பிட்டதில்லை.

இன்றைக்கு மாறிப்போச்சு. மாலையைப் போட்டு முகத்தைப் பார்த்ததும் 'ஏங்க' என்று வாயில் வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசிவிட்டது.

தலைமாட்டில் இருந்த அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததே இல்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ரேடியோவுல பேசுற பிள்ளையா? வா தாயி. வீட்டுல அவரு வாயவே தொறக்க மாட்டாரு. ஒங்கிட்டதான் அம்புட்டுப் பேச்சு. நானும் ரேடியோவுலதான் கேட்டுச் சிரிப்பேன். இன்னொருக்கா கூப்பிடு. ஒனக்குன்னா பதில் சொல்லுவாரு."

கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கூப்பிட்டேன். நாடகத்தில் நான் கூப்பிட்டு மூச்சு விடுமுன் 'சொல்லும்மா' என்பார் அண்ணன். அவர் பதிலுக்கு விடுகிற அதே இடைவெளியை விட்டேன். ஐஸ் பெட்டி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது அந்த 'ஏங்க' மறுபடியும் வாய்வரைக்கும் வந்தது. இந்த வீட்டுக்குள் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.