டீ நேரத்தில் யாரும் பேசுவதில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு

இன்றைக்கும் பொம்மசந்திரா ஃபேக்டரியில் லேபிள் ஒட்டும் மிஷின்கள் மக்கர் செய்தன. பாட்டிலுக்குப் பாட்டில் லேபிள் சுருக்கம் விழுந்து வந்தது. மதியம் வரை என் டீம் சும்மா நின்றது.

முன்பெல்லாம் இந்த மாதிரிப் பிரச்சினை டீ நேரத்திலேயே தீர்ந்துவிடும். "நான் இப்படிச் செஞ்சு பாத்தேன்பா" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். டீ ஆறுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். புது யோசனைக்குப் பரிசும் பிரமோஷனும் என்று கம்பெனி போட்டி வைத்ததிலிருந்து எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறார்கள்.

மஞ்சுளாவின் மிஷின் மட்டும் ஒழுங்காக ஓடியது. எப்படி என்று கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. போட்டிக்குக் குடுத்திருக்கேன், ரிசல்ட் வரட்டும். போன வாட்டி ஒரு யோசனையை டீ குடிக்கறப்ப சொன்னேன், நம்ம டீம் ரமேஷ் அதைத் தன் பேர்ல குடுத்துட்டான். உங்களால என்ன பண்ண முடிஞ்சுது?"

ஒன்றும் முடியவில்லை. ரமேஷ் விஷயத்தை அன்றைக்கே மேனேஜரிடம் சொன்னேன், "மேல அனுப்பியாச்சும்மா" என்றார். அதே ஆள் இன்று சாயங்காலம் கூப்பிட்டு, "உங்க டீம்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே மாட்டீங்களா?" என்று என்னைத் திட்டினார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கே ஒன்று தோன்றியது. லேபிள் ரோலைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும் போலிருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம். ஆனால் மஞ்சுளா எழுதிக் கொடுத்ததும் இதுவாகவே இருந்தால்? நானும் திருடிவிட்டேன் என்றுதான் நினைப்பாள்.

சொல்லாவிட்டால், நாளைக்கு நானும் போனைப் பார்த்துக்கொண்டுதான் டீ குடிக்க வேண்டும்.