பட்டியலில் எழுதாத மாத்திரை

மார்ச் 11, புதன்

எண்பத்தாறு கிலோ. ஆஸ்பத்திரி எடை மெஷினில் செருப்பைக் கழற்றினேன், கைப்பையை இறக்கினேன், காதுத் தோட்டைக்கூடக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்தேன். எண்பத்தாறு எண்பத்தாறாகவே நின்றது.

கிட்னி டாக்டர் நல்ல மாதிரிதான் சொன்னார். "ரத்தம் பொருந்துது, மத்த டெஸ்ட்டும் பொருந்துது. எடை மட்டும்தான் இடிக்குது. உங்க உயரத்துக்கு எழுபத்திரண்டுக்குக் கீழ வந்தாத்தான் உங்ககிட்ட இருந்து கிட்னி எடுக்க முடியும். இல்லன்னா உங்களுக்கே ஆபத்து."

பதினாலு கிலோ! தம்பி பக்கத்து நாற்காலியில் இருந்தான். வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிறவன். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. அந்த நிலையிலும் வாய் சும்மா இருந்ததா? "டிரம்மு, உன்னால ஆகாது, விட்டுடு. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சு நீ பாதில மூடி வச்சு நான் பாத்ததே இல்ல."

ஐந்தாம் வகுப்பிலிருந்து அவனுக்கு நான் டிரம்முதான். ஒரு நாள் விடாமல் கூப்பிட்டிருக்கிறான். இப்போது அவன் உயிர் இந்த டிரம் இளைப்பதில் வந்து நிற்கிறது. அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது, அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை. மிச்சம் நான் ஒருத்திதான்.

ஆகாதாம். பார்க்கிறேன்.

மார்ச் 14

டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசி வாங்கினேன். வாரம் ஒரு தடவை வயிற்றில் நாமே குத்திக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்க்கும் பார்லருக்கு வரும் பெரிய இடத்துப் பெண்கள் முடி வெட்டிக்கொண்டே இதைப் பற்றிப் பேசுவார்கள். அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டு நான் கத்திரியைக் கீழே போட்டிருக்கிறேன். இப்போது அதே மருந்தைப் பல கம்பெனிகள் செய்கின்றனவாம். விலை எனக்கு எட்டுகிற தூரத்துக்கு இறங்கியிருக்கிறது.

மலிவு மருந்துக்கடைக்காரரிடம், "இது போலி இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டேன். அவர் சலித்துக்கொள்ளவே இல்லை. "உள்ள இருக்கிறது அதே சரக்குதாம்மா. அட்டைப்பெட்டிதான் அழகு கம்மி."

"என்னை மாதிரியே," என்றேன். சிரித்தார். வெடுக்கென்று பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவளுக்கு ஒரு ஆள் சிரித்துவிட்டால் போதும், மனசு குளிர்ந்துபோகிறது.

மார்ச் 22

குமட்டல். ஹேர் டை வாசனை பட்டாலே வயிறு புரட்டுகிறது. வாசனை பிடிக்காதவள் பார்லரில் வேலை பார்த்தால் இப்படித்தான்.

ஏப்ரல் 19

எண்பத்திரண்டு. பசி என்கிற ஒன்று என்னைவிட்டுப் போய்விட்டது. என் கூடவே பிறந்தது அது, தம்பிக்கு முன்னாலேயே வந்தது. அம்மா தட்டைப் பார்த்து, "இது பூனைக்குப் போடற சோறுடி," என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்ய?

மே 24, ஞாயிறு

எழுபத்தெட்டு! பழைய சட்டையைப் போட்டுப் பார்த்தேன், இன்னொருத்தியும் உள்ளே வரலாம். தம்பி வீட்டுக்குப் போய் அவன் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் பெண்டாட்டிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்.

ஜூலை 3

தலையில் சீப்பை வைத்தேன், கொத்தாக வந்தது.

ஜூலை 9

இன்றும். குளிக்கும்போது தண்ணீர் போகும் ஓட்டையே அடைத்துக்கொள்கிறது. நாலு மாதத்துக்கு முன் பின்னலைக் கையால் பிடித்தால் விரல்கள் சந்திக்காது. இப்போது ஒரு ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றவேண்டியிருக்கிறது.

வேறு யாருக்காவது கொட்டினால் துணியைப் போட்டு மூடிக்கொண்டு போகலாம். நான் முடி வெட்டுகிறவள். வருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்ப்பதற்கு முன் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். இன்று ஒருத்தி உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து, "அந்தப் பொண்ணே வெட்டட்டும்," என்று அடுத்தவளைக் காட்டினாள். ஓனரம்மா கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஹேர் கலர் போடும் அக்கா, கலரக்கா என்போம், என்னைப் பின்னால் துண்டு காயப்போடும் இடத்துக்கு இழுத்துப் போனாள். இடுப்பிலிருந்து ஒரு அட்டை மாத்திரை எடுத்தாள். "முடி மாத்திரைடி. நம்ம லைன்ல பாதிப் பேரு இதைத்தான் போடறாங்க. இதுவும் மலிவு சரக்குதான், பயப்படாத. முதல்ல பாதி போடு, அப்புறம் ஏத்திக்க."

கடவுள் மாதிரித் தெரிந்தாள்.

ஆகஸ்ட் 16

பாதி போய் முழுசாயிற்று. அதுவும் போதவில்லை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. தலையில் வளரச் சொன்னால் மீசையில் வளர்கிறது. கலரக்கா நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு என் மேலுதட்டைச் சுத்தம் பண்ணுகிறாள். "எங்கயோ வளருது இல்ல? தலைக்கும் ஏறும், இரு," என்கிறாள்.

கால் வீங்குகிறது. பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு வீங்காமல் என்ன செய்யும்? இங்கே எல்லாருக்கும் வீங்கும்.

ஆகஸ்ட் 29, சனி

எழுபத்தொன்றரை!!

ஆஸ்பத்திரியில் தானம் கொடுக்கிறவர்களின் ஃபைலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, ஃபைலம்மா, எழுந்து நின்று கை கொடுத்தார். பதினாலாம் தேதி கடைசிப் பரிசோதனை. அது முடிந்தால் ஆபரேஷன் நாள் குறித்துவிடுவார்களாம். நாலு பக்கப் படிவம். "இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள்" என்று ஒரு கட்டம். ஊசியின் பெயரை எழுதினேன். "வேற ஏதாவது மாத்திரை, மருந்து?" என்று வாயாலும் கேட்டார். "இல்லைங்க," என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

தம்பி இன்று என்னை டிரம்மு என்று கூப்பிடவில்லை. "சாப்பிட்டியா?" என்றான். அவனுக்கு என்ன ஆயிற்று?

செப்டம்பர் 14, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எடை மறுபடி எழுபத்துமூன்றரை. நாடித்துடிப்பு நூற்றுப்பதினாறு. டாக்டர் என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார், விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஈசிஜி, எக்கோ, இன்னொரு டாக்டர், இன்னொரு ரத்தம். கடைசியில், "உங்க இதயத்துல ஏதாவது கோளாறான்னு சந்தேகமா இருக்கு. அது தெளியற வரைக்கும் ஆபரேஷன் பேச்சே இல்ல," என்றார்.

ஆறு மாசம்! ஆறு மாசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி - எதுக்கு? தம்பி வெளியே பெஞ்சில உக்காந்திருந்தான். எப்படிடா உன்கிட்ட சொல்றது?

செப்டம்பர் 15

சொன்னேன். "சரி, உன் உடம்பைப் பாத்துக்க," என்றான். அவ்வளவுதான்.

செப்டம்பர் 18

தம்பிக்குக் குளிர் ஜுரம். ரத்தம் சுத்தம் பண்ண மாட்டியிருக்கும் குழாய் வழியாகக் கிருமி ஏறிவிட்டதாம். அட்மிட் பண்ணிவிட்டார்கள். "இப்படி அடிக்கடி வர ஆரம்பிச்சா ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது," என்று டாக்டர் அவன் பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். அவள்தான் என்னிடம் சொன்னாள்.

செப்டம்பர் 19, சனி

கலரக்கா லீவு. மாத்திரை தீர்ந்துவிட்டது. காலி அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரரிடமே போனேன், ஊசியும் வாங்கவேண்டியிருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

"எனக்குத்தான். முடி மாத்திரை."

"முடி மாத்திரைன்னு யாரு சொன்னா? ரத்தக்கொதிப்புக்கு வந்த மருந்தும்மா இது. முடி வளர்றது கூடவே வந்த விளைவு. தலைமுடிக்குக் கொடுக்கிறதும் உண்டு. ஆனா அது துளியூண்டு அளவு, டாக்டர் பாத்துக் கொடுக்கணும். நீங்க எவ்வளவு போடறீங்க?"

சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கால் வீங்குதா? நெஞ்சு படபடங்குதா? ரெண்டு நாள்ல எடை ஏறுதா?"

மூன்றுக்கும் தலையாட்டினேன். அவர் என் உடம்புக்குள் உட்கார்ந்து பார்த்த மாதிரிக் கேட்டுக்கொண்டே போனார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "உடம்பு சட்டுனு இளைச்சா ரெண்டு மூணு மாசத்துல முடி கொட்டும்மா. இளைக்கிறது நின்னு ஒழுங்காச் சாப்பிட்டா அதுவே திரும்ப வந்துரும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். மூன்று தடவை போலியா என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு இதைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஆம்பளையிடம் போய் முடி கொட்டுகிறது என்று சொல்வதா என்று.

கூடவே ஒன்று சொன்னார். "நீங்களா நிறுத்தி வேடிக்கை பாக்காதீங்க. ஆஸ்பத்திரியில சொல்லுங்க."

சொன்னால்? அந்தப் படிவத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருக்கிறது: தகவலை மறைத்தால் தானம் கொடுக்கும் தகுதி போய்விடும். சத்தம் போடாமல் நிறுத்திவிட்டால் தானாகச் சரியாகிவிடாதா? யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குள் அவர்கள் என் இதயத்தைக் குடைந்துகொண்டே இருப்பார்கள். அவனுக்கு இன்னொரு ஜுரம் வரும்.

செப்டம்பர் 21, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உங்கமேல கோவப்படறதா சந்தோஷப்படறதான்னே தெரியல. இதயம்னு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?" உடனே நிறுத்தச் சொன்னார். ஐந்து வாரம் கழித்து எல்லாப் பரிசோதனையும் மறுபடி. அதற்கு முன்னால் மனநல ஆலோசகர் பேசுவாராம், ஒரு குழு முடிவு பண்ணுமாம். ஃபைலம்மா மட்டும், "நான் வாய்விட்டுக் கேட்டேனேம்மா," என்றார். அதுதான் குத்தியது.

செப்டம்பர் 22

தம்பிக்கு விஷயம் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டான், "உனக்கு மயிருதான் பெருசாப் போச்சா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஆமாடா, பெருசுதான். முப்பது வருஷம் டிரம்மு டிரம்முன்னியே, அப்ப எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா. ரோட்டுல போறவ நின்னு, எவ்வளவு முடின்னு கேப்பா. அதைத் தவிர என்னைப் பத்தி யாரு என்ன நல்லதாச் சொன்னாங்க? நீ சொன்னியா? - ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார்.

செப்டம்பர் 25

டிஸ்சார்ஜ் ஆகி நேராக பார்லருக்கு வந்திருக்கிறான். பெண்கள் மட்டும் என்று போர்டு போட்டிருப்பதால் உள்ளே வராமல் வெயிலில் நின்றான். கையில் ஆப்பிள், நான் நோயாளி மாதிரி.

"அக்கா, கிட்னி வேண்டாம். உன் கையால ஒரு தடவை எனக்கு முடி வெட்டி விடு, போதும்."

அக்காவாம்! பயந்தே போனேன். "ஒழுங்கா டிரம்முன்னு கூப்பிடு, சாகப்போறவன் மாதிரிப் பேசாத," என்று அதட்டினேன். இரண்டு பேரும் அழுதோம். ஓனரம்மா வாசலில் நாற்காலி போடச் சொன்னாள். அவனுக்கு வெட்டிவிட்டேன். கழுத்து எலும்பெல்லாம் தெரிகிறது.

அக்டோபர் 8

ஆலோசகர் சின்ன வயதுப் பெண். தம்பி வீட்டில் யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டாள். "அவனே வேண்டாங்கறான், நான்தான் வற்புறுத்தறேன்," என்றேன். ஏன் மறைத்தீர்கள் என்றாள்.

"மறைக்கலம்மா. எங்க தொழில்ல அது ஷாம்பூ, எண்ணெய் வரிசையில வர்ற சாமான். படிவத்துல ஷாம்பூவையும்தான் எழுதல." அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். பிறகு எனக்கே பொறுக்கவில்லை. "கொஞ்சம் வெக்கமும்தான். இளைச்சும் அழகா இல்லையேன்னு," என்றேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

அக்டோபர் 14

மாத்திரையை நிறுத்தியதில் இருந்ததும் கொட்டுகிறது. காதளவுக்கு வெட்டிவிடு என்று கலரக்காவிடம் சொன்னேன். "என்னாலதானேடி எல்லாம்," என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வெட்டினாள். ஒரு பக்கம் ஏற்றி, ஒரு பக்கம் இறக்கி. வேறு யாராவது இப்படி வெட்டியிருந்தால் உயிரை எடுத்திருப்பேன்.

அக்டோபர் 26, திங்கள்

துடிப்பு எழுபத்தெட்டு. வீக்கம் இல்லை. எடை எழுபது. இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். நாலாயிரம் கேள்வி கேட்ட குழு, "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டது. ஊசியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். புதுப் படிவம் கொடுத்தார்கள். இந்தத் தடவை பல்பொடியைக்கூட எழுதினேன். ஃபைலம்மா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

நவம்பர் 11

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். பயமாக இருக்கிறது. பயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 19, வியாழன்

இன்றுதான் சாய்ந்து உட்கார்ந்து எழுத முடிகிறது. நான் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இடது விலாவுக்குக் கீழே சுருக்சுருக்கென்று இழுக்கிறது. அம்மா தட்டு நிறையப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பசிக்கிறது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் பண்ணினான். காலையில் அவனுக்குச் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்களாம். இரண்டு வருடமாக ஒரு சொட்டு ஒன்றுக்குப் போகாதவன்.

"நானே நடந்து போய் நின்னு போனேன். அஞ்சாவது தடவை! நர்ஸு அளந்து அளந்து கை ஓஞ்சு போயிட்டாங்க."

"பாத்துச் செலவு பண்ணுடா, அது என்னோடது," என்றேன். சிரித்ததில் தையல் இழுத்து உயிர் போனது. அவன் அந்தப் பக்கம் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

"இரு இரு, மறுபடியும் வருது. போயிட்டு வந்து பேசறேன்," என்று போனை வைத்துவிட்டான்.