கண்ணாடி டயோடும் பாயின்ட் ஏழும்

ஜூலை 3, வியாழன்

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். விரிவுரையாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் என்னை மேடம் என்கிறார், நான் அவரை சார் என்கிறேன். இரண்டு பேருக்குமே கூச்சம்தான்.

எதற்கு இந்தப் பாடு? சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடமாக டி.வி.யும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கிறேன். எங்கள் மேற்பார்வையாளர் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். முதலாளி சொல்வது ஒன்றுதான்: "உங்க கைவேலை எனக்குத் தெரியும்மா. ஆனா சர்டிபிகேட் இல்லாம உக்கார வச்சா நாலு பேர் கேப்பாங்க." அந்த நாலு பேரை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

ஜூலை 10, வியாழன்

இன்று டயோடு சோதனை. டயோடு மின்னோட்டத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. விடுகிற பக்கத்திலும் சும்மா விட்டுவிடாது. கொஞ்சம் மின்னழுத்தம் கொடுத்தால்தான் மனசு வரும். எவ்வளவில் மனசு வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மின்னழுத்தத்தை ஏற்றும் குமிழைத் திருகினேன். பாயின்ட் ஒன்று, அதாவது 0.1 வோல்ட்: முள் அசையவில்லை. பாயின்ட் இரண்டு: லேசாகக் குலுங்கியது. பாயின்ட் மூன்றைத் தாண்டியதும் மில்லியம்மீட்டர் முள் துள்ளி எழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி எனக்குச் சந்தோஷம்.

சுற்றிப் பார்த்தால் வேறு யாரும் குமிழையே தொடவில்லை. போன வருடத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லா நோட்டிலும் 0.7.

சார் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "தப்பா இருக்கு மேடம். பாயின்ட் ஏழு வரணும். திரும்பச் செய்ங்க."

மூன்று தடவை செய்தேன். பாயின்ட் மூன்று, பாயின்ட் மூன்று, பாயின்ட் மூன்று.

ஜூலை 11, வெள்ளி

பழைய ரேடியோ ஒன்றைத் திறந்தபோது சட்டென்று பிடிபட்டது. உள்ளே கண்ணாடி உடம்போடு ஒரு டயோடு, நடுவில் மயிரிழை மாதிரி கம்பி. ஆய்வகப் பலகையில் பற்றவைத்திருப்பதும் இதே ஜாதிதான். ஜெர்மானியம்! சிலிக்கான் டயோடு என்றால் கறுப்பு உடம்பு, வெள்ளி வளையம். கடையில் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டுமே குறைக்கடத்திகள். ஆனால் ஜெர்மானியத்தில் எலக்ட்ரானை விடுவிக்கக் கொஞ்சம் ஆற்றல் போதும், சிலிக்கானுக்கு அதிகம் வேண்டும். அதனால்தான் ஒன்று 0.3-இல் வழி விடுகிறது, மற்றது 0.7 வரை அடம்பிடிக்கிறது. அப்படியானால் இத்தனை வருடமாக அந்தப் பலகையில் யாருமே அளந்ததில்லையா?

ஜூலை 17, வியாழன்

சாரிடம் தனியாகத்தான் சொன்னேன். அவர் கையேட்டைப் பிரித்துக் காட்டினார். "இதுல சிலிக்கான்னுதானே போட்டிருக்கு?"

"கையேட்டுல போட்டிருக்கு சார். பலகையில போடலையே."

என் பாழாய்ப்போன வாய்! எப்போது வந்தார்களோ, பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்துபோனது. "பாயின்ட் ஏழு எழுதாம ரெக்கார்டுல என் கையெழுத்து கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. நாற்காலியும் இல்லை.

ஜூலை 24, வியாழன்

கடையிலிருந்து ஒரு சிலிக்கான் டயோடைக் கொண்டுபோனேன். எல்லோர் முன்னாலும் இரண்டையும் அளந்தேன். கறுப்பு 0.7. கண்ணாடி 0.3. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"நீங்க படிக்க வந்தீங்களா, பாடம் நடத்த வந்தீங்களா?" என்றார் சார்.

"படிக்கத்தான் சார் வந்தேன். காப்பியடிக்க வரல."

யாரும் சிரிக்கவில்லை. இனி இவருக்கு என் வீட்டில் பெயர் பாயின்ட் ஏழு.

ஜூலை 28, திங்கள்

துறைத் தலைவரைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார், டீ கூட வரவழைத்தார். கடைசியில், "சின்ன விஷயம்மா. மாத்தி எழுதிட்டுப் போங்க. பரீட்சை முக்கியமா, டயோடு முக்கியமா?"

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

என் வீட்டுக்காரரும் ஆரம்பித்துவிட்டார். பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை. "மூணை ஏழாக்கினா உலகம் முழுகிடுமா? எழுதித் தொலையேன். எத்தனை நாள் அந்த நாற்காலியைப் பத்திப் பேசியிருக்கே!"

உண்மைதான். பேசியிருக்கிறேன். அந்த ஆத்திரத்தில் நோட்டை எடுத்துப் பென்சிலால் 0.7 என்று எழுதினேன். வரைபடத்தையும் மாற்ற வேண்டுமே, கோட்டை இழுக்க ஆரம்பித்தேன். 0.5-இல் எவ்வளவு மின்னோட்டம் என்று போடுவது? எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படிடி வரைவே என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ரப்பரை என் பக்கம் தள்ளினாள்.

அழித்துவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

கையெழுத்து இல்லை. நானும் கெஞ்சவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தேர்வுப் பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள். என் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். யாருக்காகவும் இல்லை, அந்த நாற்காலிக்காக. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்த பருவத்துக்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். அதே வகுப்பு, அதே பாடம், அதே பாயின்ட் ஏழு. அவர்தான் ஓடவேண்டும், நானில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

புது மேற்பார்வையாளர் வந்துவிட்டார், சட்டம் போட்ட சான்றிதழோடு. வந்ததும் வராததுமாக ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயருக்குள் கையை விடப் போனார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"பிளக்கைப் பிடுங்கிட்டேனேம்மா!"

"பிடுங்கினா? கண்டன்சர் உள்ள பிடிச்சு வச்சிருக்குமே."

புத்தகத்தில் மின்தேக்கி, எங்கள் கடையில் கண்டன்சர். இரண்டு தகடுகள், நடுவில் ஒன்றையொன்று தொடவிடாத ஒரு படலம். மின்சாரத்தை நிறுத்தினாலும் சேர்த்த மின்னூட்டம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். மேசையிலிருந்த ஒரு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் கால்களில் வைத்தேன். பளீரென்று மின்னி அணைந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல மனிதர்தான். அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாம்.

டிசம்பர் 11, வியாழன்

மறுபடியும் டயோடு. மறுபடியும் முதல் பெஞ்ச். புது நோட்டில் கறுப்பு மசியாலேயே 0.3 எழுதி நீட்டினேன். உடன் படிக்கிற வெல்டர் காதோரம், "ஏங்கக்கா, இன்னொரு பருவமும் போகணுமா?" என்றார். போனால் போகட்டும்.

சார் நோட்டை வாங்கிக்கொண்டார். திரும்பத் தரவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

நோட்டு வந்தது. கையெழுத்து இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மசியில் ஐந்து வரி அளவீடு, என் எழுத்து இல்லை. கடைசி வரி: 0.31.

ஜனவரி 22, வியாழன்

செய்முறைத் தேர்வு. எப்போதும் வரும் கேள்வி, "சிலிக்கான் டயோடின் வளைவரையை வரைக" என்பது. இன்று தாளில் இருந்தது: "கொடுக்கப்பட்ட டயோடு எந்தப் பொருளால் ஆனது எனக் கண்டறிக."

எல்லா டயோடுகளின் மீதும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கண்ணாடியா கறுப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. அறை முழுக்கக் குமிழ்கள் திரும்பின. இந்தப் பருவத்துப் பத்தொன்பது பேரும் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையைப் பார்த்துப் பயனில்லை, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு.

நானும் ஏற்றினேன். 0.3: முள் தூங்கியது. 0.5: இன்னும் தூக்கம்தான். 0.6-ஐத் தாண்டி எழுந்து, நிமிர்ந்து நின்றது.

பின்னால் காலடிச் சத்தம். "எவ்வளவு வருது மேடம்?"

நான் திரும்பவில்லை. திரும்பினால் சிரித்திருப்பேன்.

"பாயின்ட் ஏழு, சார்."