கைப்பையில் இருந்த ஃப்ளாப்பி

11 மார்ச் 2002, திங்கள்

இன்று மேனேஜர் அறையில் நான் சொல்லாதது: "அதை அழுத்தினது நான் இல்ல சார், விஸ்வநாதன்."

ஒரே வாக்கியம். வாய் வரை வந்தது.

இங்காவது எழுதிவைக்கிறேன். எங்கள் கஸ்டமரான தேயிலைக் கம்பெனியின் சர்வரில் நான்கு டிஸ்குகளையும் ஒன்றாகக் கட்டி ஆளும் ரெய்டு கார்டு பழுது. சனிக்கிழமை புதுக் கார்டு போட்டோம். சர்வரை ஆன் செய்ததும் அது கேட்டது: எதை நம்பட்டும், டிஸ்கில் எழுதியிருப்பதையா, கார்டில் எழுதியிருப்பதையா? புதுக் கார்டில் எதுவும் எழுதியிருக்காது. "டிஸ்க்" என்றேன். "எத்தனை சர்வர் பாத்திருக்கேன், நீ தள்ளும்மா" என்று என் சீனியர் விஸ்வநாதன் கார்டைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த கேள்விக்கும் 'ஆமாம்'. நான்கு டிஸ்கும் துடைத்த ஸ்லேட். மூன்று வார வேலை போயிற்று.

இன்று மேனேஜரிடம் அவர்: "அவசரப்பட்டுட்டா சார். எங்க ஊர்ப் பொண்ணு, சின்ன வயசு. மன்னிச்சு விட்டுடுங்க."

எனக்காக மன்னிப்புக் கேட்கிறார்! அதுதான் எரிகிறது. என்னை நிரந்தரம் செய்வது தள்ளிப்போய்விட்டது.

12 மார்ச்

"விட்டுத் தள்ளும்மா கீதாஞ்சலி, நம்மாளு வேற" என்கிறார் அப்பா. நம்மாளு. விடமாட்டேன்.

2 ஏப்ரல்

வழி கிடைத்துவிட்டது.

கார்டன் ரீச் கப்பல் கம்பெனிக்குப் புது சர்வர் வருகிறது, புது மாடல் ரெய்டு கார்டோடு. விண்டோஸ் 2000 ஏற்றத் தொடங்கும்போதே F6 அழுத்தி, அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஃப்ளாப்பியில் கொடுக்க வேண்டும். பழைய டிரைவரைக் கொடுத்தாலும் மறுக்காது. சமர்த்தாக எல்லாவற்றையும் காப்பி செய்யும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை காட்டிப் படுத்துவிடும். இன்று நம் ஆபீசில் சோதித்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஃப்ளாப்பிகள் எல்லாம் என் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. லேபிள் எல்லாம் என் கையெழுத்து. விஸ்வநாதன் லேபிளைத் தவிர எதையும் பார்க்கமாட்டார்.

புது டிரைவரை ஒரு ஃப்ளாப்பியில் போட்டு, வழக்கம்போல் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினேன். அதை டின்னில் வைக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன். பழையது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பொய்யாக ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை — எழுதினேனா? இல்லை.

16 ஏப்ரல்

நேற்று பொய்லா பொய்ஷாக், இங்கே வங்காளப் புத்தாண்டு. புதிதாகச் சேர்ந்த தாரா இன்று எனக்கு மட்டும் தனி டப்பாவில் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்தாள். "தேயிலைக் கம்பெனியில நீ பண்ணியிருக்க மாட்ட திதி. நான் நம்பல." வங்காள மொழியில் சொன்னாள், அக்காவைத் 'திதி' என்பார்கள்; தமிழில் எழுதினால் பாதிதான் வருகிறது. ஆபீசில் இதைச் சொன்ன ஒரே ஆள்.

23 ஏப்ரல்

நாளை. கப்பல் கம்பெனி டைரக்டர் நேரில் வந்து பார்க்கப்போகிறாராம், அதனால் விஸ்வநாதனே போகிறார். புது டை வேறு வாங்கியிருக்கிறார். டின்னிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு சொன்னார்: "உன் லேபிள் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்மா."

போடுங்கள். அந்த முகத்தைப் பார்க்க நான் அங்கே இருக்கமாட்டேன், அது ஒன்றுதான் குறை.

24 ஏப்ரல்

பத்து மணிக்கு ஆபீசுக்குள் நுழைகிறேன் — விஸ்வநாதன் தன் மேசையில் உட்கார்ந்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"வயிறு சரியில்லம்மா. ஃப்ளாப்பியக் குடுத்து தாராவை அனுப்பிட்டேன். கத்துக்கட்டும்."

பத்திலிருந்து பதினொன்றே முக்கால் வரை நான் என்ன செய்தேன்? டீ குடித்தேன். ஒரு மெயிலுக்குப் பதில் எழுதினேன். தாரா போனாலும் பழி அனுப்பியவர் தலையில்தானே விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழாது. எனக்குத் தெரியாதா அது?

பிறகு தாராவின் போன். "நீலத் திரை திதி. ரெண்டாவது தடவையும் அதே. எல்லாரும் என் பின்னாடி நிக்கறாங்க. நான்தான் கெடுத்துட்டேன்னு டைரக்டர் சொல்றார்."

டாக்சி பிடித்து ஓடினேன். F6, புது ஃப்ளாப்பி. நான்கு மணிக்கு லாகின் திரை வந்தது. டைரக்டர் கைகூடக் குலுக்கினார். தாராவின் கண் இன்னும் சிவந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஃப்ளாப்பியைக் கேட்டு வாங்கினாள். லேபிளைப் படித்தாள். 2.4.2002, என் கையெழுத்தில்.

"இது மூணு வாரமா உன் பையிலயா இருந்துச்சு, திதி?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஃப்ளாப்பியை என் மடியில் வைத்துவிட்டு டாக்குரியா ஸ்டாப்பில் இறங்கிப் போனாள். இன்னும் கேட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம்.

6 மே, திங்கள்

நிரந்தரக் கடிதம் வந்துவிட்டது. விஸ்வநாதனின் ரிப்போர்ட்டையும் மேனேஜர் காட்டினார்: 'பழைய டிரைவரால் சிக்கல் வரலாம் என்று ஊகித்து, கீதாஞ்சலியிடம் புதியதைத் தயாராக வைத்திருக்கச் சொல்லியிருந்தேன்.'

மார்ச்சில் அவர் செய்ததை என் பேரில் எழுதினார். இப்போது நான் செய்ததைத் தன் யோசனை என்று எழுதியிருக்கிறார். இந்தப் பொய்யை நான் எப்படி மறுப்பேன்? எதைச் சொல்லி?

விஸ்வநாதன் வெளியே காத்திருந்தார். "பாத்தியா, உன்ன விட்டுக் குடுக்கல நான்."

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

டின் என் மேசையில் இல்லை. லேபிள் எழுதும் வேலையைத் தாரா போன வாரமே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டாள்.