அரிப்பும் ஒரு நல்ல செய்தியும்

அன்புள்ள அம்மாவுக்கு,

புக்கிட் ரோத்தான் தோட்டத்திலிருந்து புனிதன் எழுதுவது. கூலிமில் மழை விட்டதா? உங்கள் முட்டிவலி எப்படி? ஆப்பரேஷனுக்குப் பிறகு கரகரக்கும் என் குரலைப் போனில் கேட்டாலே நீங்கள் அழுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. உடம்பெல்லாம் அரிப்பு. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் எங்கள் மண்டோர் சிவானந்தம் அண்ணன், "செம்பனை மட்டையில இருக்குற கம்பளிப்பூச்சிதான் லா" என்று தேங்காயெண்ணெய் கொடுத்தார். பூசியும் அடங்கவில்லை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு ஊசியில் மருந்து ஏற்றிக்கொள்ளப் போனபோது டாக்டரிடம் காட்டினேன்.

"பூச்சி இல்ல புனிதன். இந்த மருந்து உங்க நோய் எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுது. அது தோலையும் கொஞ்சம் சீண்டுது," என்று சிரித்துக் களிம்பு கொடுத்தார்.

பிறகு ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். உணவுக்குழாயில் எனக்கு வந்த வகைப் புற்றுநோய் வருவதே அபூர்வம் என்று ஆப்பரேஷனுக்கு முன் சொன்ன அதே டாக்டர், "இப்போ எங்கயும் எதுவும் தெரியல," என்றார். மருந்து இன்னும் சில மாதம் ஏற்ற வேண்டும். வெளியே வந்து ஒரு இட்லியை மெதுவாகச் சாப்பிட்டேன். எங்கேயும் அடைக்கவில்லை.

ஒரு சின்ன உதவி. ஆப்பரேஷனில் உணவுக்குழாயை வெட்டிவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைத்திருப்பதால், சாப்பிட்டது எதுக்களிக்காமல் இருக்கத் தலையை உயர்த்தித்தான் படுக்க வேண்டும். கடைத் தலையணை அமுங்கிவிடுகிறது. நீங்கள் தைக்கும் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு வேண்டும். தபாலில் அனுப்புவது சிரமம் என்றால் நீங்களே கொண்டு வாருங்கள். வந்தால் உடனே திரும்ப வேண்டாம். அறையில் இடம் இருக்கிறது.

செம்பனைப் பழம் ஏற்ற லோரி வந்துவிட்டது, கணக்கெழுதும் கிராணி நான் போய் நிற்க வேண்டும். அப்பாவிடம் ஸ்கேன் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
புனிதன்