சாக மாட்டேன் என்றவர்

பிப்ரவரி 9, திங்கள்
இன்றும் ஒன்றும் சாகவில்லை. ஏழாவது மருந்தும் போச்சு.
நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் காலம் முடிந்ததும் தாமாகவே செத்துப்போக வேண்டும். நுரையீரல் அழுத்த நோயில் மாட்டேன் என்கின்றன. சுவர் தடித்து, குழாய் குறுகி, முட்டி முட்டி இதயம் ஓய்ந்து, ஆளே போய்விடுகிறார். இந்தச் செல்களுக்குச் சொந்தக்காரர் போய் இரண்டு வருடம். செல்கள் மட்டும் என் ஆய்வுத் தட்டில் கொழுகொழுவென்று. மாதக் கடைசிக்குள் சாகாவிட்டால் ஆய்வை மூடிவிடுவாராம் இயக்குநர்.

பிப்ரவரி 11
“தங்கள் கணவரின் செல்கள் எங்களிடம் நலமாக வாழ்கின்றன” — எவன் அனுப்பினான் இந்த நன்றிக் கடிதத்தை? கடிதம் கிடைத்த அந்த அம்மா கணவரின் ஸ்வெட்டரோடு வந்து நிற்கிறார்.
“இங்க குளிருமே தம்பி.”
“செல் வளர்க்கிற பெட்டிக்குள்ள உடம்புச் சூடுதாம்மா.”
ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தார். நுண்ணோக்கியில் காட்டினேன்.
“இதுல அவரு எது?”
“எல்லாமே அவர்தான்.”
“என்ன பண்றாரு?”
“சாகணும்... மாட்டேங்கிறாரு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் கோபப்படவில்லை. “டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னப்பவும் இப்படித்தான்.” தட்டைப் பார்த்துக் குனிந்தார். “போதுங்க. இந்தத் தம்பி சொல்றதக் கேளுங்க.”
நான் ஏன் அழுதேன்?

பிப்ரவரி 12
கேட்கவில்லை.

பிப்ரவரி 20
எட்டாவது மருந்து ஊற்றியாயிற்று. அந்த அம்மா போன். “எப்படி இருக்காரு?”
“நல்லா இருக்காரும்மா.”
இருவரும் பெருமூச்சு விட்டோம். ஒரே காரணத்துக்கா?

பிப்ரவரி 26
செத்துவிட்டன. பாதிக்கு மேல்; சுருங்கி, துண்டுதுண்டாகி, முறைப்படி. பக்கத்துத் தட்டில் நோயில்லாதவரின் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இயக்குநர் கேக் வெட்டினார். அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

பிப்ரவரி 27
நானே போனில் சொன்னேன்.
“கஷ்டப்பட்டாரா?”
“இல்லம்மா. தானாவே அடங்கிட்டாரு.”
“மத்தவங்களுக்கு இதால நல்லது நடக்குமா?”
“நடக்கலாம்மா. பல வருஷம் ஆகும்.”
அதோடு வைத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அவர் செல்களை இன்னும் பதினொரு குப்பிகளில் உறையவைத்திருக்கிறோம், திங்கட்கிழமை இரண்டை எடுத்து மறுபடி வளர்ப்போம் என்று உளறிவிட்டேன்.
“அப்ப அவரு போகலயா?”
குப்பிகளின் பட்டியலைப் புரட்டினேன்.
அந்த அம்மாவே சொன்னார்: “சரி, அங்கயே வேலை பாக்கட்டும். அவரு கட்டிலை நேத்துதான் குடுத்தனுப்பினேன். இனிமே வந்தா படுக்க எடமில்ல.”